பாலத்து ஏற்றத்தில் நீலக் குட்டை

நாற்பத்தேழாயிரத்து அறுநூற்றிருபது. டிரைவர் ஒட்டு கொடுக்க வேண்டிய கடன் அவ்வளவு. எண்ணால் ஒரு தரம், எழுத்தால் ஒரு தரம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இன்று மாலை ஐந்து மணிக்குள் பணம் போய்ச் சேராவிட்டால் புகார் போலீசுக்குப் போகும். முன்னால் போகிற வண்டியை முட்டுகிற மாதிரி ஓட்டியதற்காக ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியவன் அவன். மூன்றாவது விழுந்தால் லைசென்ஸ் காலி. லைசென்ஸ் போனால் வேலையும் போச்சு. ஏனென்றால் அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியும். கார் ஓட்டிக்கொண்டே யோசிக்கத்தான் தெரியாது. அந்த ஒரு குறைக்காகத்தான் ஒட்டுவைச் சம்பளம் போட்டு வைத்திருந்தாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்துவிட்டு, துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். டிக்கெட் எடுக்காதவனைப் பிடரியைப் பார்த்தே கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. ஒட்டு என்பது அவள் வைத்த பேர். முன்னால் போகிற வண்டியின் முதுகில் சுவரொட்டி மாதிரி ஒட்டிக்கொண்டே போகிறவனுக்கு வேறென்ன பேர் வைப்பது.

ஆபீசில் பெயின்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. மூன்று சுவர் நீலம், நாலாவது சுவர் பழைய அழுக்கு. அந்த நாலாவது சுவருக்குப் பெயின்ட் டப்பா வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான், நேற்று முன்தினம், பாலத்து ஏற்றத்தில் ஒரு பெரியவருடைய வெள்ளைக் காரை ஒட்டு இடித்திருந்தான்.

“நான்தான் இடிச்சேன்க்கா. ஒத்துக்கறேன்” என்றான் ஒட்டு. “குத்தவாளியே ஒத்துக்கிட்டப்புறம் துப்பறிய என்ன இருக்கு? சம்பளத்துல அட்வான்ஸ் குடுங்க. கேஸ் முடிஞ்சுது.”

“இடிச்சதை நீ பார்த்தியா?”

“டமால்னு சத்தம் வந்துச்சு.”

“சத்தம் வந்தது எனக்கு எதுக்கு? கண்ணால பார்த்தியா?”

“குனிஞ்சிருந்தேன். பக்கத்து சீட்டுக்குக் கீழ டப்பா சாஞ்சு மூடி திறந்துக்கிச்சு. ரெண்டு கையாலயும் அழுத்தி மூடிட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தா, என் வண்டி மூக்கு அவர் வண்டியோட ஒட்டிக்கிட்டு நிக்குது. விளக்கு உடைஞ்சு கிடக்குது. என் லட்சணம் எனக்குத் தெரியாதா? வேற யாரு இடிச்சிருப்பா?”

அக்கா, பெரியவர் அனுப்பியிருந்த கணக்கைக் கையில் எடுத்தாள். பின்பக்க பம்பர் புதிது, முப்பத்தோராயிரத்து ஐந்நூறு. பெயின்ட் வேலை, ஒன்பதாயிரத்து அறுநூற்றிருபது. கழுத்துக்குப் பட்டை, இரண்டாயிரத்து ஐந்நூறு. கடைசி வரியில் வந்ததும் அவள் கண் நின்றுவிட்டது. மன உளைச்சல், நாலாயிரம். அதை இன்னொரு தரம் படித்தாள். பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

“சாவியை எடு. பாலத்துக்குப் போறோம்.”

“அக்கா, குத்தம் நடந்த இடத்துக்குக் குத்தவாளியே காரோட்டிக் கூட்டிட்டுப் போறது இதான் முதல் தடவையா இருக்கும்.”

“வாயை மூடிட்டு ஓட்டு.”

ஒரு கண் போன காரை ஒட்டு கிளப்பினான். முக்குத் திரும்பியதும் ஒரு பஸ் அகப்பட்டது. அவ்வளவுதான், அதன் முதுகில் போய் அப்பிக்கொண்டான். பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகத் தூங்குகிற ஆளின் வாய் ஓரத்து எச்சில் வரைக்கும் தெரிந்தது.

“டிக்கெட் எடுத்துட்டியா?” என்றாள் அக்கா.

“எதுக்கு?”

“நாம பஸ்ஸுக்கு உள்ளதானே இருக்கோம்.”

“இடம் விட்டா எவனாவது நடுவுல வந்து சொருகிடுவான்க்கா.”

“சொருகட்டும். அவனுக்குப் பின்னாலயும் இடம் விடு.”

“அப்படியே விட்டுக்கிட்டே போனா, கடைசியில நம்ம வீட்டுக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்துடுவோம்.”

“அதோ, முன்னால ஒரு விளம்பரப் பலகை வருது பாரு. பஸ் அதைத் தாண்டினதும் எண்ண ஆரம்பி. ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூணு, ஒண்ணுக்கு ஒரு செகண்ட், நிதானமா. எண்ணி முடிக்கறவரைக்கும் நாம அந்தப் பலகைகிட்டப் போகக் கூடாது.”

பஸ் பலகையைத் தாண்டியது. “ஆயி…” என்றான் ஒட்டு. பலகை பின்னால் போய்விட்டது.

“பார்த்தியா? அவன் பிரேக் போட்டா உன் கால் பிரேக்குக்குப் போறதுக்கே ஒரு ஆயிரத்தொண்ணு வேணும். உன்கிட்ட இருக்கிறது அரை ‘ஆயி’.”

ஒட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்வாங்கினான். உடனே ஒரு ஆட்டோ நடுவில் வந்து சொருகியது. அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு கட்டுரைக்கான விஷயம் இருந்தது.

பாலத்து ஏற்றத்தின் அடியில் காரை ஓரம் கட்டிவிட்டு இருவரும் நடைபாதை வழியாக மேலே நடந்தார்கள். உச்சியில் சிக்னல். வண்டிகள் வரிசையாக மூச்சுப் பிடித்து நின்றன. தார்ரோட்டில் நீலச் சொட்டுகள் இன்னும் அழியாமல் இருந்தன. காரின் அடித்தட்டில் துருப்பிடித்த ஓட்டை ஒன்று இருப்பது அக்காவுக்குத் தெரியும். மழை நாளில் அவள் செருப்பு நனைவது அது வழியாகத்தான். கவிழ்ந்த டப்பா அந்த ஓட்டை வழியாகத்தான் ஒழுகியிருக்கிறது.

அடியில் சொட்டுகள் தள்ளித் தள்ளி விழுந்திருந்தன. மேலே போகப் போக நெருங்கின. நாலாம் விளக்குக் கம்பத்தை ஒரு கை நீளம் தாண்டி, தட்டு அகலத்துக்கு ஒரு குட்டை. அதிலிருந்து ஒரு நீலக் கோடு சரிவில் கீழ்நோக்கி வந்தது. கோடு முடிகிற இடத்தில், கம்பத்துக்கு நேராக, இரண்டாவது குட்டை.

அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“சிக்னல்ல எவ்வளவு நேரம் நின்னே?”

“ரெண்டு நிமிஷம் இருக்கும். நின்னு, அப்புறம் எப்படியோ முன்னால போய் முட்டியிருக்கேன். பிரேக்ல இருந்து கால் நழுவியிருக்கும்.”

“கியர்ல இருந்துச்சா?”

“நியூட்ரல்.”

“ஒட்டு, இது என்ன?” என்று அக்கா ரோட்டைக் காட்டினாள்.

“ரோடு.”

“எப்படிப்பட்ட ரோடு?”

“ஏத்தம்.”

“ஏத்தத்துல, நியூட்ரல்ல நிக்கிற வண்டிக்கு பிரேக்கை விட்டா, அது எந்தப் பக்கம் போகும்?”

ஒட்டு கையால் கீழ்ப்பக்கம் காட்டினான். காட்டிய கையைத் தானே ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

“மலை ஏறிப் போய் முன்வண்டியை இடிக்கற கார் நம்ம ஆபீஸ்ல இருக்குன்னு எனக்கு இத்தனை நாளா தெரியாமப் போச்சே. டீசல் செலவு மிச்சமாயிருக்கும்” என்றாள் அக்கா. “அந்தப் பெரியவர் உனக்கு ஆதாரம்னு அனுப்பின படத்தை எடு.”

ஒட்டு போனை நீட்டினான். படத்தில் வெள்ளைக் காரும் அவனுடைய காரும் மூக்கும் முதுகும் ஒட்டி நின்றன. ஒட்டுவின் பக்கத்துக் கதவுக்கு நேராக நாலாம் விளக்குக் கம்பம்.

“இடிச்சப்புறம் வண்டியை முன்னால எடுத்தியா?”

“ஸ்டார்ட்டே ஆகலையே. டப்பாவைத் தூக்கி நடைபாதையில வெச்சுட்டு, நாலு பேரைப் பிடிச்சு, பின்பக்கமாவே தள்ளி இறக்கினோம்.”

“அப்போ கேட்டுக்கோ. முதல்ல நீ நின்னது மேல இருக்கற குட்டையில. சத்தம் கேட்டு நிமிர்ந்தப்போ இருந்தது கீழ இருக்கற குட்டையில. இடையில உன் வண்டி ஒரு கை தூரம் பின்னால போயிருக்கு. போய் இடிச்சவன் வண்டி பின்னால போகாது. இடி வாங்கினவன் வண்டிதான் போகும். அந்த ஆளு பிரேக்கை விட்டு, உன் மேல உருண்டிருக்கான். ரிவர்ஸ் விளக்கு எரியாது, இஞ்சின் சத்தம் வராது. பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது.”

ஒட்டு நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான். கன்னத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். இரண்டு ராத்திரி தூங்காமல் தன்னைத் தானே திட்டியதெல்லாம் வீண்.

“அக்கா, நான் அப்பாவியா?”

“இந்த ஒரு தடவை மட்டும். பழகிக்காதே.”

“பழக்கமே இல்லாததால ஒரு மாதிரி இருக்கு.”

“எழுந்திரு. உருண்டது வேணும்னே உருண்டதான்னு தெரியணும். தெரியாம உருண்டுட்டேன்னு அந்த ஆளு கைவிரிச்சா நம்மகிட்ட பதில் இல்ல. பம்பர் எங்க இருக்குன்னு பில்லுல அடிச்சிருக்கு, வா.”

டிங்கர் பட்டறை ரயில்வே லைனை ஒட்டி இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே கதவுகளும் மட்கார்டுகளும் தோல் உரித்த மாதிரி தொங்கின. மேஸ்திரி மரச்சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, ஒரு தடவல், ஒரு தட்டு. முப்பது வருஷம் தகரத்தோடு பேசியே காது மந்தமாகிப்போன மனிதர். சுத்தியலைக் கீழே வைத்த பிறகுதான் ஆட்களைத் தெரியும்.

“வெள்ளைக் கார் பம்பரா? அதோ ஆணியில தொங்குது” என்றார்.

“புதுசுன்னு பில் போட்டிருக்கீங்க” என்றான் ஒட்டு.

“பில் கேட்டாங்க, போட்டேன். பம்பர் கேட்கலையே. சும்மா ஒரு சொட்டை, மூணு தட்டுல எடுத்துட்டேன். அந்தக் காலத்து இரும்பு அது. இடிக்கறவன் வண்டிதான் நசுங்கும், அது சிரிச்சிட்டு நிக்கும்.”

அக்கா பம்பரை இறக்கித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம், விளிம்போரமாக, ஆணியால் குத்திய சின்னப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. விரலால் தடவி எண்ணினாள். ஏழு.

“இது என்ன மேஸ்திரி?”

“என் அடையாளம். ஒரு தகட்டை ஒவ்வொரு தடவை தட்டி எடுக்கும்போதும் உள்ள ஒரு குத்து வெப்பேன். தட்டத் தட்ட தகடு மெலியும் இல்லையா? எத்தனை தடவை சுத்தியல் பட்டிருக்குன்னு கைக்குத் தெரியணும். ஏழுக்கு மேல நான் தொட மாட்டேன், வெடிச்சுரும். ஏழாவது நேத்துதான் குத்தினேன். அதுக்கு முன்னால ஆறுதான் இருந்துச்சு.”

“ஏழு தடவையும் ஒரே இடத்துலயா?”

“அதே சொட்டை, அதே மூலை. அச்சு வார்த்த மாதிரி.”

“எல்லாத்துக்கும் புதுசுன்னுதான் பில்லா?”

மேஸ்திரி காது மந்தத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். அக்கா கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பதினெட்டு வருஷம் பஸ்ஸில் நின்ற நிற்பு அது. மேஸ்திரி இரண்டு நிமிஷம் தாங்கினார்.

“எல்லாத்துக்கும்தான்” என்றார். பிறகு தன்மேல் விழுந்த வெயிலை வேறு பக்கம் திருப்புகிறவர் போல அக்காவை உற்றுப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியாததா? இதுல மூணாவது புள்ளி உங்க வண்டிதானே? மூணு வருஷம் முந்தி, நீங்களே வந்து பில் சரியான்னு கேட்டுட்டுப் போனீங்களே.”

பக்கத்து லைனில் ஒரு ரயில் போனது. அது போய் முடிகிற வரைக்கும் ஒட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவ்வளவு சுகம் இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

“அக்கா” என்றான் கடைசியில், தேன் வடிய. “மூணாவது புள்ளி.”

“வண்டியில ஏறு.”

வண்டியைக் கிளப்பியதும் ஒட்டு ஆரம்பித்தான். “நீங்க சொன்ன மாதிரியே எண்ணிப் பார்த்தேன்க்கா. ஆயிரத்தொண்ணு, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூணு. மூணு.”

“அன்னைக்கு நானும் குனிஞ்சு ஒரு ஃபைலைப் பார்த்துட்டிருந்தேன். நிமிர்ந்தா ஒட்டிக்கிட்டு நின்னுது. நான்தான் இடிச்சேன்னு நானும் நினைச்சேன். பதினெட்டாயிரம் கட்டினேன்.” அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அப்போ என் வண்டியில நீலப் பெயின்ட் இல்ல.”

“அப்போ காலையில பில்லைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சுருச்சு.”

“கடைசி வரியைப் பார்த்ததும். மன உளைச்சல். உலகத்துல அதைப் பில்லுல போடற ஆளு ஒருத்தன்தான் இருக்க முடியும். எனக்கு மூவாயிரம் போட்டான். இப்போ விலை ஏத்திட்டான்.”

“நான்கூட, நீங்க என்னை நம்பித்தான் கிளம்பினீங்கன்னு நினைச்சேன்.”

“உன் ஓட்டத்தை நம்பி யாராவது கிளம்புவாங்களா?”

பெரியவர் வீடு ஒரு அடுக்குமாடியின் தரைத்தளம். வாசலில் வெள்ளைக் கார் பம்பர் இல்லாமல் பல் கழற்றிய கிழவன் மாதிரி நின்றது. மணி நாலே கால். அழைப்பு மணியை அழுத்தியதும் உள்ளே சர்ரென்று ஏதோ ஒட்டுகிற சத்தம் கேட்டது. கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே பெரியவர் கதவைத் திறந்தார். அவசரத்தில் பட்டை தலைகீழாக இருந்தது.

“பணமா, செக்கா?” என்றார் மெல்லிய குரலில். பிறகு அக்காவைப் பார்த்தார். குரலில் இருந்த மெல்லிசு போய்விட்டது. “நீங்களா?”

“மூணாவது புள்ளி” என்று அறிமுகம் செய்து வைத்தான் ஒட்டு.

கூடம் சுத்தமாக இருந்தது. நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவே சமமான இடைவெளி. சுவரில் ஒரு சட்டமிட்ட பாராட்டுப் பத்திரம் தொங்கியது. ஒட்டு அதைக் கிட்டப் போய் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக முப்பத்தோரு ஆண்டுகள் அப்பழுக்கற்ற சேவை.

“அக்கா, இவர் லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கறவர்.”

“எடுத்தவர்” என்று திருத்தினார் பெரியவர். “ரிட்டையர் ஆயாச்சு.”

அக்கா வளவளக்கவில்லை. இரண்டு குட்டை, ஒரு கோடு, நாலாம் கம்பம், அவரே எடுத்த படம், ஏழு புள்ளி. ஐந்தே வாக்கியம். கேட்கக் கேட்கப் பெரியவரின் கை கழுத்துப் பட்டைக்குப் போனது. பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கழுத்து நன்றாகத்தான் திரும்பியது.

“இதெல்லாம் கோர்ட்டுல நிக்காதும்மா.”

“நிக்க வேண்டாம். உருண்டாப் போதும்” என்றாள் அக்கா. “ஏழு பேரையும் கூட்டிட்டு வந்து உங்க வாசல்ல நிறுத்தவா?”

பெரியவர் முகத்தில் வந்தது பயம் இல்லை, கோபமும் இல்லை. பரீட்சையில் தோற்றவனிடம் பேசுகிற வாத்தியார் களை.

“ஒண்ணு சொல்றேன். இடம் விட்டு நின்ன ஒருத்தனையும் நான் தொட்டதில்ல. கண்ணாடியில பார்ப்பேன். ரொம்ப தூரமா என் முதுகுல ஒட்டிக்கிட்டே வரணும். நிக்கும்போது ஒரு முழம்கூட விடாம நிக்கணும். தலை குனிஞ்சிருக்கணும். மூணும் சேர்ந்தாத்தான் பிரேக்கை விடுவேன். இடம் விட்டு நிக்கிறவன்மேல உருண்டா, வந்து சேர்றதுக்குள்ள அவன் ஹாரன் அடிச்சு ஊரைக் கூட்டிடுவான். முப்பத்தோரு வருஷம் வாய் வலிக்கச் சொன்னேன், இடைவெளி விடு, இடைவெளி விடுன்னு. டெஸ்ட் அன்னைக்கு மட்டும் எல்லாரும் விட்டாங்க. லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் என் முதுகுலயே வந்து ஒட்டினாங்க. இடிச்சப்புறம் யாரும் சண்டைகூடப் போடறதில்ல. ஏழு பேரும் ‘நான்தான் இடிச்சேன்’னு அவங்களே சொன்னாங்க. நான் கேட்கவேயில்ல.”

ஒட்டுவுக்கு அது குத்தியது. அந்த ஆள் திருடன்தான். ஆனால் சொன்னதில் பொய் எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை.

“பாடம் நடத்தினீங்க, சரி” என்றாள் அக்கா. “மன உளைச்சல் எதுக்கு?”

“பென்ஷன் பத்தலம்மா.”

“மத்த ஆறு பேருக்கும் இந்த மாசம் முடியறதுக்குள்ள பணம் திரும்பிப் போகணும். என்னையும் சேர்த்து. போகலைன்னா பம்பரைத் தூக்கிட்டு போலீசுக்குப் போவேன். இவன் விளக்கை நாளைக்கே மாத்திக் குடுங்க. இப்போ இவன் எழுதிக் குடுத்த தாளை எடுங்க.”

பெரியவர் அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டும்போது ஒட்டுவின் கை பாம்பு மாதிரி நீண்டு மூன்றாவது தாளை உருவியது.

“ஒட்டு, அதைக் குடு.”

“ஒரு நிமிஷம்க்கா, பழைய எழுத்து, மெதுவாத்தான் படிக்க வருது. ‘முன்னால் சென்ற வாகனத்தை மிக நெருங்கி ஓட்டி வந்தது முழுக்க முழுக்க என் தவறே என்று ஒப்புக்கொள்கிறேன்.’ கையெழுத்து அழகா இருக்குக்கா. ரெண்டு சுழி போட்டிருக்கீங்க.”

“மடிச்சு என் கையில குடு. குடுத்தா, இனிமே பஸ் பின்னால நீ போறதைப் பத்தி ஒரு வாரத்துக்குப் பேச மாட்டேன்.”

“ஒரு மாசம்.”

“பத்து நாள்.”

தாள் கை மாறியது. பெரியவர் இதையெல்லாம் பார்த்தும் பார்க்காதவர் போல ஒட்டுவின் தாளை மேஜைமேல் விரித்தார். பேனாவைத் திறந்து, நாற்பத்தேழாயிரத்து அறுநூற்றிருபது என்ற எண்ணின்மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். கீழே நிதானமாக எழுதினார்: ‘இந்தக் கடன் தள்ளுபடி. இவர் எனக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை.’ தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப் போனவர், முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம் கையைவிட்டுப் போகாமல், அதற்கும் கீழே இன்னும் ஒரு வரி எழுதிவிட்டு நீட்டினார்.

ஒட்டு வாங்கிப் படித்தான். ‘இடைவெளி: போதாது.’

“அக்கா, இதையும் அடிச்சுத் தரச் சொல்லுங்க.”

அக்கா தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். “அது கடன்ல சேராது. இருக்கட்டும்” என்று நாலாக மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.